மிச்ச நாடா

சி-60 கேசட்டில் பக்கத்துக்கு 30 நிமிடம். சினிமாப் பாட்டு ஒன்று சுமாராக நாலரை நிமிடம். ஆறு பாட்டு ஏற்றினால் 27 நிமிடம் போய்விடும், ஏழாவது பாட்டு முழுசாக ஏறாது. நல்ல கம்பெனி நாடா என்றால் சொன்ன நேரத்துக்கு மேலும் கொஞ்சம் ஓடும். ஆக, ஒவ்வொரு பக்கத்தின் கடைசியிலும் சுமார் மூன்று நிமிட நாடா மிச்சமாகும். சில ரெக்கார்டிங் சென்டர்களில் ஏழாவது பாட்டைப் பாதி ஏற்றி, நாடா தீர்ந்த இடத்தில் விட்டுவிடுவார்கள். சிலர் மிச்ச நாடாவை வெறுமனே ஓட விடுவார்கள். மதுரை டவுன்ஹால் ரோட்டை ஒட்டிய சந்தில் நான் தொழில் பழகிய கடையில் இரண்டும் கூடாது. எங்கள் முதலாளி அந்த மூன்று நிமிடத்துக்கென்றே தனி நோட்டு வைத்திருந்தார். பாட்டில்லாமல் வாத்தியமாகவே வந்த இசை, டைட்டில் இசை, காட்சிக்கு நடுவே வசனம் படாமல் கிடைத்த துண்டு எல்லாம் நிமிடம், விநாடியோடு அதில் எழுதியிருக்கும். 2.50 மிச்சம் என்றால் 2.45-க்கு ஒன்றை எடுப்பார்.

‘புன்னகை மன்னன்’ ரெக்கார்டில் பாட்டுகளோடு வந்த தீம் மியூசிக்கை 1986-இல் அப்படித்தான் எத்தனையோ கேசட்டின் வாலில் ஏற்றிக் கொடுத்தோம். வாங்கிப் போனவர்கள் லிஸ்டில் அது இருக்காது. பக்கம் தீர்ந்தது என்று நினைத்து எழுந்து போகும்போது திடீரென்று அது கிளம்பும். ஒரு வாரம் கழித்துக் கடைக்கு வந்து நிற்பார்கள். “அண்ணே, ரெண்டாம் பக்கம் கடைசியில பாட்டில்லாம ஒண்ணு ஓடுச்சே, அது மாதிரி இன்னும் இருக்கா?” பின்னணி இசையைத் தேடிக் கேட்கிற ரசிகர்கள் எங்கள் கடைக்கு இந்த மிச்ச நாடாவைப் பிடித்துக்கொண்டுதான் வந்து சேர்ந்தார்கள்.

இந்தத் தொழிலுக்கு வர நினைக்கிற பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். இன்றைக்கு ரெக்கார்டிங் சென்டர் இல்லை. ஆனால் பழைய எல்பியை, கேசட்டை, வீடியோ நாடாவைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக் கொடுக்கும் வேலை இருக்கிறது. கேட்டதை நாலு பேரோடு பகிர்ந்துகொள்ளும் ஆசை முன்பைவிடக் கூடியிருக்கிறது. அந்த ஆசைக்குக் கொஞ்சம் கைவேலை தெரிந்திருக்க வேண்டும்.

எங்கள் முதலாளி முதலில் பழக்கியது காதை. பாட்டு லிஸ்டோடு வருபவருக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தால் போதும், பத்து நிமிடத்தில் போய்விடுவார். “அந்தப் படத்துல வர்ற அந்த மியூசிக்” என்று வருபவரை அப்படி அனுப்ப முடியாது. முதலாளி ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரச் சொல்வார். எந்தக் காட்சி, யார் நிற்கிறார்கள், வசனம் உண்டா, எந்த வாத்தியம், பாட விட்டுப் பார்த்தால் எப்படி முணுமுணுப்பார் என்று விசாரிப்பார். தேனிப் பக்கத்திலிருந்து வந்த ஒருவர் ‘வீடு’ படத்து வயலின் வேண்டும் என்றார். பாலு மகேந்திரா எடுத்து 1988-இல் வெளிவந்த படம், பாட்டே கிடையாது. படத்தின் பெயரைச் சொல்லி அவர் ஏறி இறங்கிய கடைகளில் எல்லாம் கையை விரித்திருக்கிறார்கள். முதலாளி அலமாரியில் படங்களின் வரிசையைத் தொடவே இல்லை. ‘ஹவ் டு நேம் இட்’ எல்பியை உருவினார். எந்தப் படத்துக்கும் என்று இல்லாமல் இளையராஜா 1986-இல் செய்த இசை அது. தியாகராஜருக்கும் பாஹுக்கும் காணிக்கையாகச் செய்தது, வயலின் வி.எஸ். நரசிம்மன். அதைத்தான் பாலு மகேந்திரா தம் படத்துக்கு எடுத்துக்கொண்டார். ஊசி இறங்கி முதல் சில வில் இழுப்பு வந்ததும் அந்த மனிதர் எழுந்து நின்றுவிட்டார். ஒரு இசை எங்கிருந்து வந்தது என்று தெரிந்து வைத்திருப்பது இந்த வேலையில் பாதி என்று நான் அன்றைக்குக் கற்றுக்கொண்டேன்.

மீதிப் பாதி கையில் இருக்கிறது.

ரெக்கார்டை உறையிலிருந்து எடுக்கும்போதே அது தொடங்கிவிடுகிறது. விரல் பள்ளங்களின் மேல் படக்கூடாது. விளிம்பு உள்ளங்கையிலும் நடு லேபிள் விரல் நுனியிலும் தாங்க வேண்டும். எல்பி அழுக்காக இருந்தால் டிஸ்டில்டு வாட்டரில் மென்மையான சோப்பு இரண்டு சொட்டு விட்டு, மெத்தென்ற துணியால் பள்ளம் சுற்றும் போக்கிலேயே துடைத்து, மறுபடி வெறும் டிஸ்டில்டு வாட்டரில் அலசி, நிற்க வைத்து நிழலில் உலர்த்த வேண்டும். குழாய்த் தண்ணீர் காய்ந்தால் உப்புப் படியும். அந்த உப்பு ஒவ்வொரு சுற்றிலும் பட்பட்டென்று கேட்கும். 78 வேக அரக்குத் தட்டில் ஸ்பிரிட்டைக் கொண்டு போகவே கூடாது, அரக்கு ஸ்பிரிட்டில் கரையும். டேப் ஹெட் துடைக்கிற பஞ்சாலேயே தாத்தா காலத்துத் தட்டைத் துடைத்து மேல்பரப்பை நாசமாக்கிக் கொண்டுவந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அதற்கு வைத்தியம் கிடையாது.

துடைத்த தட்டை முதலாளி டியூப் லைட்டுக்குக் கீழே சாய்த்துப் பிடிப்பார். அதைப் பழகிக்கொள்ள எனக்கு நெடுநாள் பிடித்தது. பள்ளத்தில் வெளிச்சம் எல்லா இடத்திலும் ஒன்றுபோல் விழாது. சத்தம் அதிகமான இடத்தில் பள்ளம் அகலமாக ஆடியிருக்கும், அங்கே பளபளப்பு சிதறும். மெதுவான இடம் கறுத்து வழுவழுப்பாகத் தெரியும். பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே உள்ள மெல்லிய வளையம் தெளிவாகவே தெரியும். “மூணாவது பாட்டுல நடுவுல தாளம் கொட்டி வரும் தம்பி, லெவலைக் குறைச்சு வை” என்று ஊசி வைப்பதற்கு முன்பே சொல்வார், சொன்னபடியே வரும். ஊசி இறக்கும்போது சுண்டுவிரலைப் பிளேயரின் மரப்பலகையில் ஊன்றிக்கொள்வார். கை ஆடாது. லிவர் இருந்தால்கூட விரலை ஊன்றாமல் இறக்கமாட்டார்.

லெவலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பழகுகிற பையன்கள் எல்லோரும் இடறுகிற இடம் இது. வி.யூ. மீட்டர் முள் நிதானமானது, சத்தத்தின் சராசரியைத்தான் காட்டும். வயலின் கூட்டமாக இழைகிற இடத்தில் முள் சொல்வதை நம்பலாம். தவிலிலோ உடுக்கையிலோ தோல் மேல் விழுகிற அடி முள் நகர்வதற்குள் வந்து போய்விடும். மீட்டர் சரியாக இருக்கிறதே என்று ஏற்றினால், நாடா தாங்காமல் அடி மழுங்கி ‘தொப்’ என்று விழும். ‘தில்லானா மோகனாம்பாள்’ (1968) நாதஸ்வரத்தை எங்கள் ஊரில் கேட்காதவர்கள் குறைவு. திரையில் சிவாஜி வாசித்ததற்குப் பின்னால் இருந்தவர்கள் மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள். அதை ஏற்றும்போது முள்ளைச் சிவப்புக்கு மிகவும் கீழேயே வைப்போம். அளவு குறைந்தால் கேட்கிறவர் வால்யூமைத் திருப்பிக்கொள்ளலாம். மழுங்கிய தவிலை எந்தக் குமிழைத் திருப்பியும் கூராக்க முடியாது. இன்றைக்குக் கம்ப்யூட்டரில் ஏற்றும்போதும் இதே விதிதான். 24 பிட்டில் ஏற்றுங்கள், உச்சத்துக்கு மேலே தாராளமாக இடம் விடுங்கள்.

எல்பியில் ஒரு பக்கத்தின் கடைசிப் பாட்டு எப்போதும் தொந்தரவு. தட்டு ஒரு சுற்றுச் சுற்ற 1.8 விநாடி. வெளி விளிம்பில் அந்த நேரத்தில் ஊசிக்கு அடியில் சுமார் 90 சென்டிமீட்டர் பள்ளம் ஓடுகிறது. லேபிளுக்கு அருகில் வரும்போது 40-க்கும் குறைவு. அவ்வளவு சின்ன இடத்தில் அதே இசையை நெருக்கி வெட்டியிருப்பதால் உச்ச ஒலிகள் கரகரக்கும். ஜானகியம்மா குரலில் வரும் ‘ஸ’ அங்கேதான் சீறும். தட்டு தேய்ந்துவிட்டது என்று தூக்கிப் போடாதீர்கள். முதலில் ஊசி முனையில் ஒட்டியிருக்கும் தூசியைப் பின்னாலிருந்து முன்னால் பிரஷ்ஷால் தள்ளுங்கள். பிறகு கார்ட்ரிட்ஜ் நேராக இருக்கிறதா, எடை சரியா என்று பாருங்கள். எடை கூடினால் தட்டு கெடும் என்று பயந்து குறைப்பவர்கள்தான் அதிகம். எடை குறைந்த ஊசி பள்ளத்தில் துள்ளி, சுவரை அடித்துத் தட்டை இன்னும் மோசமாகக் கெடுக்கும். கார்ட்ரிட்ஜ் கம்பெனி சொன்ன எடையை அப்படியே வையுங்கள்.

வீடியோ கேசட் பரவிய பிறகு பின்னணி இசைக்காரர்களின் கேட்பே மாறியது. படத்தின் இசை வீட்டுக்குள் வந்துவிட்டதல்லவா? வி.சி.ஆரின் ஆடியோ அவுட்டிலிருந்து டெக்கின் லைன்-இன்னுக்கு ஒயர் போட்டு எடுப்போம். வசனமும் இசையும் சத்தங்களும் ஒரே மோனோ தடத்தில் ஒட்டிக் கிடக்கும், பிரிக்க வழியில்லை. வசனம் இல்லாத இடங்களைக் காத்திருந்து பிடிக்க வேண்டும். டைட்டில் இசைக்கு அவ்வளவு மவுசு வந்ததற்கு இதுவும் காரணம்: எவரும் பேசாமல் தொடர்ந்து இசை கிடைக்கிற நீளமான இடம் அதுதான்.

அப்போது ஒரு சிக்கல் வந்தது, இன்றைக்கும் இளைஞர்கள் அதில் மாட்டிக்கொள்கிறார்கள். ‘மௌன ராகம்’ வீடியோவிலிருந்து எடுத்த பாட்டு ஒன்றையும் அதன் ரெக்கார்டையும் அடுத்தடுத்துக் கேட்ட ஓர் ஆர்மோனியக்காரர், சுருதி சேரவில்லை என்றார். டெக்கின் மோட்டார் வேகமாக ஓடுகிறது என்று எல்லோரும் டெக்கைத் திட்டினார்கள். டெக்கில் குற்றமில்லை. சினிமாப் படச்சுருள் விநாடிக்கு 24 பிரேம் ஓடும். நம் நாட்டு பால் முறை வீடியோவில் விநாடிக்கு 25. படத்தை அப்படியே 25-க்கு ஓட்டி மாற்றினால் எல்லாமே நாலு சதவீதம் முந்தும். 150 நிமிடப் படம் 144 நிமிடத்தில் முடிந்துவிடும். சுருதியும் கூடவே ஏறும்: நாலு கட்டையில் இருந்தது நாலரையை எட்டப் பார்க்கும், எட்டாது. ராகம் மாறாது என்பதால் பலர் கவனிப்பதில்லை. ஆனால் வயலின் கொஞ்சம் மெலிந்து, ஒரு பதற்றம் வந்து ஒட்டிக்கொள்ளும். இசையமைப்பாளர் கேட்ட வேகம் அதுவல்ல.

இதற்கு எங்கள் கடையில் ஒரு வழி வைத்திருந்தோம். படத்தில் வரும் பாட்டு ஒன்றை அளவுகோலாக எடுத்துக்கொள்வது. ரெக்கார்டில் அந்தப் பாட்டின் சுருதியைச் சுருதிப்பெட்டியில் பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும். வீடியோவில் அதே பாட்டு அதைவிட ஏறி நின்றால் படம் முழுக்கவே ஏறியிருக்கிறது என்று பொருள். இன்றைக்கு ஆடாசிட்டியில் வேகத்தை நாலு சதவீதம் குறைத்தால் போதும். வேகத்தைக் குறைக்க வேண்டும், சுருதியை மட்டும் இறக்கக்கூடாது. எல்லா நாடாவும் இப்படி ஏறியிருக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு குறைத்துவிடவும் கூடாது. வெளிநாட்டு என்.டி.எஸ்.சி. முறையில் வந்தவற்றில் பெரும்பாலும் இந்த ஏற்றம் இருக்காது. அளந்து பார்த்துச் செய்யுங்கள்.

டிவிடி வந்து 5.1 ஒலித்தடம் கிடைத்ததும் பலருக்குப் புதையல் கிடைத்த மாதிரி ஆனது. வசனம் பெரும்பாலும் நடுச் சேனலில் இருக்கும். அதை மூடிவிட்டால் இசை தனியாக வந்துவிடும் என்று ஆரம்பித்தார்கள். வரும், ஆனால் முழுசாக வராது. நடுவில் வைத்த வாத்தியம் வசனத்தோடு போய்விடும், கதவுச் சத்தமும் காற்றுச் சத்தமும் மற்ற சேனல்களில் அப்படியே இருக்கும். கிடைப்பது கேட்பதற்கு நன்றாகவே இருக்கலாம். அதைப் பிறருக்குக் கொடுக்கும்போது இது நடுச் சேனலை எடுத்துவிட்டுப் பெற்றது என்று எழுதிக் கொடுங்கள். அதுதான் அசல் இசை என்று நம்பி அவர் இன்னொருவருக்குக் கொடுத்துவிடக் கூடாது.

எங்கே வெட்டுவது என்பதில் எனக்கும் இன்றைய பிள்ளைகளுக்கும் கருத்து ஒத்துப்போவதில்லை. அவர்கள் முதல் ஸ்வரத்தில் தொடங்கிக் கடைசி ஸ்வரத்தில் முடிக்கிறார்கள். ‘தளபதி’யில் (1991) கோயில் காட்சி ஒன்று உண்டு. ரயில் கூவும், தாயும் மகனும் தனித்தனியே நிமிர்ந்து பார்ப்பார்கள். ஒருவர் இன்னார் என்று மற்றவருக்குத் தெரியாது. அந்த இடத்தை எடுக்கிறவர் ரயில் சத்தம் இடைஞ்சல் என்று வெட்டிவிட்டால் என்ன மிஞ்சும்? பின்னணி இசை என்பது காட்சிக்காகக் காத்திருந்து, அது விட்ட இடத்தில் நுழைவது. நுழைவதற்கு முன்னால் இருக்கும் நாலைந்து விநாடி நிசப்தமோ, மழையோ, ரயிலோ அதற்கு வேண்டும். எங்கள் முதலாளி பாஸ் பட்டனை எடுப்பது எப்போதும் இசைக்கு முன்னால்தான். முடிவிலும் ஓசை அடங்கி, அறையின் காற்று கேட்கிற வரைக்கும் விடுவார்.

இரைச்சலை நீக்கும் கருவியை அளவாகப் பயன்படுத்துங்கள். நாடாவின் ‘உஸ்’ஸென்ற ஒலி முழுவதும் போக வேண்டும் என்று இழுத்தால், அதோடு சேர்ந்து புல்லாங்குழல்காரரின் மூச்சும் வில் நரம்பைத் தொடும் உரசலும் போய்விடும். கிணற்றுக்குள்ளிருந்து வாசிப்பது போல் ஆகிவிடும். இந்த ஒலிப்பதிவுகளில் எத்தனையோ வித்துவான்கள் பெயர் அச்சாகாமல் வாசித்திருக்கிறார்கள். அவர்கள் வந்து உட்கார்ந்ததற்கு அடையாளமாக மிஞ்சியிருப்பது அந்த மூச்சும் உரசலும்தான். அதை அழிக்க நமக்கு உரிமை இல்லை என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இப்போது ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கடை மாடியில் கொஞ்சம் பேர் கூடுகிறோம். பேங்க் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், கல்லூரிப் பையன்கள், பள்ளிக்கூட டீச்சர் ஒருவர், தவில் வாசிக்கிற தம்பி என்று பல தரம். இந்த வாரம் என்ன கேட்டீர்கள் என்பதுதான் பேச்சு. ஒருவர் ‘குருதிப்புன’லைப் போடுவார். 1995-இல் பாட்டே இல்லாமல் வந்த படம், மகேஷின் இசை. ஒருவர் ‘ஓநாயும் ஆட்டுக்குட்டியும்’ கொண்டுவருவார். 2013-இல் வந்த அந்தப் படத்திலும் பாட்டு கிடையாது, பின்னணி இசையே தனியாக வெளிவந்தது. அப்படித் தனியாக வெளிவருவது நம் பக்கம் அப்போது அபூர்வம்தான். டீச்சர் ‘புத்தம் புது காலை’யைப் போட்ட வாரம், ‘அலைகள் ஓய்வதில்லை’யை எத்தனையோ முறை பார்த்த ஒருவர் அந்தப் பாட்டு படத்தில் வராதே என்று எழுந்தார். வராது, ரெக்கார்டில் மட்டும்தான் உண்டு. இரண்டு பேர் சொன்னதும் சரி.

மாடியில் இரண்டு வழக்கம் உண்டு. இசையைப் போடுகிறவர் படம், ஆண்டு, எந்த இடம், எதிலிருந்து எடுத்தது என்று நாலையும் சொல்லிவிட்டுப் போட வேண்டும். ஓடி முடியும்வரை யாரும் பேசக்கூடாது, எந்த இசையமைப்பாளர் பெரியவர் என்ற பேச்சு அதற்குப் பிறகும் கூடாது. புதிதாக வந்த பையன் ஒருவன் வாட்ஸ்அப்பில் வந்த துண்டைப் போனிலேயே போட்டான். அதை ஸ்பீக்கரில் கேட்டபோது தாழ்ந்த ஒலி எதுவுமே இல்லை, சிம்பல் கண்ணாடி உடைந்தது போலச் சிதறியது. பேங்க்காரர் அவனைக் கடிந்துகொள்ளவில்லை. தன்னிடம் இருந்த எல்பியில் அதே பாட்டை எடுத்துப் போட்டார். இடையிசையில் பேஸ் கிட்டார் தனியாக ஒரு ராகத்தை இழுத்துக்கொண்டு நடக்கும். பையன் அதுவரை அப்படி ஒரு வாத்தியம் அந்தப் பாட்டில் இருப்பதையே கேட்டதில்லை. அடுத்த வாரத்திலிருந்து சுருக்காத ஃபைலைப் பென் டிரைவில் கொண்டுவருகிறான், நாலையும் எழுதிக் கொண்டுவருகிறான்.

கடையில் விலைக்குக் கிடைக்கிற இசையை வாங்கிக் கேளுங்கள். நான் சொல்வதெல்லாம் விலைக்குக் கிடைக்காததைப் பற்றி. 1970, 80-களின் படங்களில் பின்னணி இசை தனியாக வெளிவந்தவை மிகக் குறைவு. பெரும்பாலானவை படத்தோடு ஒட்டித்தான் இருக்கின்றன. அந்தப் படங்களில் சில, யாரோ ஒருவர் வீட்டுப் பரணில் கிடக்கும் வீடியோ நாடாவில்தான் நல்ல ஒலியோடு இருக்கலாம்.

அப்படி ஏதாவது உங்கள் வீட்டில் இருந்தால், ஆசையில் உடனே ப்ளே பட்டனை அழுத்திவிடாதீர்கள். கேசட்டின் ஜன்னல் வழியாக நாடாவைப் பாருங்கள். வெள்ளைப் பூஞ்சை தெரிந்தால் அது ஹெட்டில் ஏறி, அடுத்துப் போடுகிற நாடாவுக்கும் பரவும். ஆடியோ கேசட்டாக இருந்தால் நாடாவை ஹெட்டோடு அழுத்திப் பிடிக்கும் செம்புத் தகட்டில் ஃபெல்ட் பஞ்சு ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். அது விழுந்திருந்தால் ஒலி மங்கும், நாடா பழுது என்று நினைத்துவிடுவீர்கள். ஐந்து ஸ்க்ரூ உள்ள கேசட்டைத் திறந்து வேறு கூட்டுக்கு மாற்றிவிடலாம். நாடா அறுந்திருந்தால் செல்லோடேப்பால் ஒட்டாதீர்கள், அதன் பசை உருகி அடுத்த சுற்றில் ஒட்டும். அதற்கென்று ஸ்ப்ளைசிங் டேப் இருக்கிறது. சரியாகிவிட்டால் முதலில் ஒருமுறை முன்னும் பின்னும் முழுசாகச் சுற்றிவிட்டு, அப்புறம் ஓட்டுங்கள். முதல் ஓட்டத்திலேயே ஏற்றிவிடுங்கள், இரண்டாவது ஓட்டத்துக்கு நாடா தாங்கும் என்று சொல்ல முடியாது. இதையெல்லாம் நீங்களே செய்யத் தயக்கமாக இருந்தால், தெரிந்த ஆளிடம் கொண்டுபோய்க் கொடுங்கள். கொடுக்கும்போது எந்தப் படம், எப்போது பதிவு செய்தது என்பதை ஒரு சீட்டில் எழுதி உறைக்குள் வையுங்கள்.